விக்டோரியா காலத்துக் கல்யாணக் காகிதங்கள்: லைசென்ஸுக்கு எவ்வளவு, சான்றிதழுக்கு எவ்வளவு?

பெரம்பூரில் வளர்ந்த ஆங்கிலோ இந்திய நண்பர் ஒருவர் தன் கொள்ளுத்தாத்தாவின் திருமணச் சான்றிதழை ஒருநாள் என்னிடம் கொண்டுவந்தார். 1884, லண்டனில் ஒரு பேரிஷ் (பங்கு, அதாவது ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட வட்டாரம்) தேவாலயம். மாப்பிள்ளை ஃபிட்டர் வேலை பார்த்தவர். பெண்ணின் தொழிலுக்கான கட்டம் காலி. கல்யாணமான சில நாட்களில் இருவரும் மெட்ராஸுக்குக் கப்பலேறிவிட்டார்கள் என்பது குடும்பத்தில் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி. நண்பரின் விரல், காகிதத்தின் அடியில் இருந்த இரண்டு சொற்களில் போய் நின்றது. "பை லைசென்ஸ்" என்று எழுதியிருந்தது. "லைசென்ஸ்னா காசு கட்டணும் இல்லையா? எவ்வளவு கட்டியிருப்பார்? ஏன் கட்டினார்?" என்று கேட்டார்.

அந்த இரண்டு கேள்விக்கும் அந்தக் காகிதத்தை வைத்தே பெரும்பாலும் பதில் கண்டுபிடித்துவிடலாம். விக்டோரியா ராணி காலத்து (1837–1901) இங்கிலாந்துக் கல்யாணச் சான்றிதழ் ஒன்று உங்கள் கையில் இருந்தாலும் சரி, அக்காலத்து நாவல் ஒன்றை மொழிபெயர்க்கும்போது லைசென்ஸ், பேன்ஸ் என்ற சொற்கள் இடறினாலும் சரி, இந்த வழிகாட்டி உதவும். ஒன்றை முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். லைசென்ஸுக்குக் கொடுத்த காசு கல்யாணத்துக்காகக் கொடுத்தது இல்லை. லைசென்ஸ் இல்லாமலும் கல்யாணம் செல்லும். காத்திருக்கும் நாட்களைக் குறைக்கவும், ஊர் வாயில் விழாமல் இருக்கவும் கொடுத்த காசு அது.

இங்கே சொல்வதெல்லாம் இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும்தான். ஸ்காட்லாந்தின் திருமணச் சட்டமே வேறு. அங்கே அரசுப் பதிவு 1855இல்தான் தொடங்கியது. அயர்லாந்தில் கத்தோலிக்கர் அல்லாதவர்களின் கல்யாணங்கள் 1845 முதலும், எல்லாருடைய கல்யாணங்களும் 1864 முதலும் பதிவாயின.

முதல் படி: பழைய காசுக் கணக்கு

12 பென்ஸ் சேர்ந்தால் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் சேர்ந்தால் ஒரு பவுன். 21 ஷில்லிங்குக்கு கினி என்று பெயர். பெரிய மனிதர்களுக்குத் தரும் கட்டணங்களைப் பெரும்பாலும் கினியில்தான் சொல்வார்கள். பழைய ரசீதுகளில் பென்ஸுக்கு 'டி' என்ற எழுத்தைப் போட்டிருப்பார்கள். ரோமானிய நாணயமான டெனாரியஸின் முதல் எழுத்து அது. 2/6 என்று சாய்கோடு போட்டிருந்தால் 2 ஷில்லிங் 6 பென்ஸ் என்று படிக்க வேண்டும்.

இந்தத் தொகைகளை இன்றைய ரூபாய்க்கு மாற்றிப் பார்க்கும் ஆசை எல்லாருக்கும் வரும். வேண்டாம். வரும் எண் பெரிதாக எதையும் சொல்லாது. கூலியோடு ஒப்பிடுவதுதான் சரியான வழி. 1850–51இல் ஜேம்ஸ் கெயர்ட் என்ற வேளாண்மை எழுத்தாளர் இங்கிலாந்தின் மாவட்டங்களைச் சுற்றி விவசாயக் கூலிகளின் சம்பளத்தைக் குறித்துவைத்தார். வடக்கே வாரத்துக்கு 11 ஷில்லிங் 6 பென்ஸ், தெற்கே 8 ஷில்லிங் 5 பென்ஸ், சராசரி சுமார் 9 ஷில்லிங் 6 பென்ஸ். இந்தச் சராசரியையே நாம் அளவுகோலாக வைத்துக்கொள்வோம். வாரத்துக்கு ஆறு நாள் வேலை என்று எடுத்தால் நாள் கூலி 19 பென்ஸ்.

இரண்டாம் படி: சான்றிதழின் அடி வரியைப் படியுங்கள்

1837 ஜூலை 1ஆம் தேதி முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கல்யாணங்கள் ஒரே மாதிரிப் படிவத்தில் பதிவாயின. விக்டோரியா பட்டத்துக்கு வந்து அப்போது 11 நாள்தான் ஆகியிருந்தது. படிவத்தில் எட்டுக் கட்டங்கள்: கல்யாண நாள், பெயர், வயது, கல்யாணமாகாதவரா துணையை இழந்தவரா என்ற நிலை, தொழில், அப்போதைய முகவரி, தகப்பன் பெயர், தகப்பன் தொழில். அம்மாவின் பெயருக்கு இடமே இல்லை. அந்தக் குறை 2021 மே மாதத்தில்தான் தீர்ந்தது.

எல்லாரும் இந்தக் கட்டங்களை வாசித்துவிட்டு நின்றுவிடுகிறார்கள். காசு விவரம் கட்டங்களுக்குக் கீழே, கையெழுத்துகளுக்கு மேலே, ஒற்றை வரியில் இருக்கிறது. "இன்ன தேவாலயத்தில், இன்ன சபையின் முறைப்படி, இன்ன வழியில், என் முன்னிலையில் நடந்தது" என்பது அந்த வரியின் சாரம். "இன்ன வழியில்" என்ற இடத்தில் என்ன சொல் வருகிறது என்று பாருங்கள்.

"ஆஃப்டர் பேன்ஸ்" என்றால் மூன்று ஞாயிறு தேவாலயத்தில் அறிவித்துவிட்டு நடந்த கல்யாணம். "பை லைசென்ஸ்" என்று இருந்து, "எஸ்டாபிளிஷ்ட் சர்ச்" முறைப்படி என்றும் இருந்தால், இங்கிலாந்தின் அரசுச் சபையான ஆங்கிலிகன் சபையின் லைசென்ஸ். "பை சர்டிஃபிகேட்" என்று இருந்தால் அரசுப் பதிவாளரிடம் நோட்டீஸ் கொடுத்து நடந்தது. பதிவு அலுவலகத்திலோ மற்ற சபைகளின் சேப்பலிலோ நடந்த கல்யாணத்தில் "பை லைசென்ஸ்" என்று கண்டால், அது மேற்பார்வைப் பதிவாளர் கொடுத்த லைசென்ஸ். சொல் ஒன்றுதான், தொகை வேறு. இந்த இடத்தில் பலர் தடுமாறுகிறார்கள்.

மூன்றாம் படி: ஓலை வாசித்திருந்தால்

'பேன்ஸ்' என்பதற்கு நம் ஊர்க் கிறிஸ்தவர்களிடம் அழகான சொல் இருக்கிறது: ஓலை வாசிப்பது. மூன்று ஞாயிறு ஆராதனையில் மணமக்களின் பெயரைச் சொல்லி, "தடை இருந்தால் சொல்லுங்கள்" என்று சபையைக் கேட்பார்கள். இங்கிலாந்திலும் அதே முறைதான். இருவரும் வெவ்வேறு பேரிஷைச் சேர்ந்தவர்கள் என்றால் இரண்டு இடத்திலும் வாசிக்க வேண்டும். கல்யாணம் நடக்காத பேரிஷிலிருந்து வாசித்ததற்கு ஒரு சான்றும் வாங்கிவர வேண்டும். வாசித்து மூன்று மாதத்துக்குள் கல்யாணம் முடிய வேண்டும்.

ஏழைகளுக்கு வழக்கமான வழி இதுதான். அறிவிப்பு வாசிக்க, பாதிரியாருக்கு, கிளார்க்குக்கு என்று கொடுப்பதெல்லாம் அந்தந்த பேரிஷின் வழக்கப்படி. சில ஷில்லிங்கில் முடிந்துவிடும். அந்தக் காலம் முழுவதற்கும் நாடு முழுவதற்கும் பொருந்தும் ஒற்றைத் தொகையை யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சேர்ந்து வாழ்ந்துகொண்டு, காசில்லாமல் கல்யாணத்தைத் தள்ளிப்போட்ட ஜோடிகளுக்குக் கட்டணத்தையே விட்டுக்கொடுத்த பாதிரியார்களும் இருந்தார்கள். உங்களுக்குச் சரியான தொகை வேண்டும் என்றால் அந்தத் தேவாலயத்தின் கட்டணப் பட்டியலைத் தேட வேண்டும். மாவட்ட ஆவணக்காப்பகத்தில் பேரிஷ் காகிதங்களோடு அது இருக்க வாய்ப்பு உண்டு.

காசு குறைவு. ஆனால் மூன்று வாரம் போகும், ஊருக்கெல்லாம் தெரியும். பெரிய நகரத்துப் பேரிஷில் வாசிக்கும் நீண்ட பட்டியலில் ஒரு பெயர் காதில் விழாமல் போகலாம். கிராமத்தில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

நான்காம் படி: ஆங்கிலிகன் லைசென்ஸ் என்றால்

நண்பரின் சான்றிதழில் இருந்தது இதுதான். இதற்குச் சாதாரண லைசென்ஸ் என்று பெயர். பிஷப்பின் அதிகாரத்தில், அவருடைய பதிலாளாக நியமித்த 'சரகேட்' என்ற பாதிரியார் கொடுப்பார். லண்டனில் இருந்தவர்கள் கேன்டர்பரி ஆர்ச்பிஷப்பின் இரண்டு அலுவலகங்களில் வாங்கலாம்: ஃபேகல்டி ஆபீஸ், விகார் ஜெனரல் ஆபீஸ்.

நடைமுறை எளிது. மணமக்களில் ஒருவர் போனால் போதும். பெரும்பாலும் மாப்பிள்ளைதான் போவார். உறவு முறையிலோ வேறு வகையிலோ தடை எதுவும் இல்லை, இருவரில் ஒருவர் கல்யாணம் நடக்கப்போகும் பேரிஷில் கடந்த 15 நாளாகக் குடியிருக்கிறார், 21 வயது நிரம்பாதவர் என்றால் பெற்றோர் சம்மதம் இருக்கிறது என்று சத்தியம் செய்வார். அந்தச் சத்தியக் காகிதத்துக்கு 'அலிகேஷன்' என்று பெயர். கையெழுத்துப் போட்டுவிட்டு, காசைக் கட்டிவிட்டு, லைசென்ஸைப் பையில் வைத்துக்கொண்டு போய்விடலாம். மறுநாளே கல்யாணம் வைக்கலாம். மூன்று மாதம் செல்லும்.

நூற்றாண்டின் பிற்பகுதியில் லண்டனின் அந்த இரண்டு அலுவலகங்களிலும் வாங்கிய தொகை 2 பவுன் 2 ஷில்லிங் 6 பென்ஸ். வெளியூரில் சரகேட்டிடம் வாங்கினால் மறைமாவட்டத்தைப் பொறுத்து 1 பவுன் 15 ஷில்லிங்கிலிருந்து 2 பவுன் 12 ஷில்லிங் 6 பென்ஸ் வரை. இதில் அரசு முத்திரைக் கட்டணம் மட்டும் 10 ஷில்லிங். கல்யாணத்தை நடத்திவைக்கும் பாதிரியாருக்குத் தருவது இதில் சேராது. லைசென்ஸோடு வருபவர்களிடம் ஓலைக் கல்யாணத்தைவிடக் கூடுதலாகவே எதிர்பார்ப்பார்கள்.

நம் அளவுகோலை எடுங்கள். 2 பவுன் 2 ஷில்லிங் 6 பென்ஸ் என்பது விவசாயக் கூலி ஒருவரின் நாலரை வார வருமானம். அப்படியிருந்தும் வசதியுள்ள குடும்பங்களில் லைசென்ஸ்தான் வழக்கமாக இருந்தது. மகளின் பெயரை வேலைக்காரப் பெண்களின் பெயர்களோடு சேர்த்துத் தேவாலயத்தில் கூவுவதை நடுத்தர வர்க்கம் கௌரவக் குறைவாக நினைத்தது. அதனால் "பை லைசென்ஸ்" என்று கண்டதும், 'அவசரக் கல்யாணம், பெண் கர்ப்பமாக இருந்திருப்பாள்' என்று முடிவுகட்டாதீர்கள். பெரும்பாலான சமயம் அது வெறும் அந்தஸ்து. மாப்பிள்ளையின் தொழில் கட்டத்தில் வக்கீல், வணிகர், 'ஜென்டில்மேன்' என்று இருந்தால் அதிலேயே விளக்கம் முடிந்தது. கூலித் தொழிலாளி லைசென்ஸ் வாங்கியிருந்தால்தான் காரணம் தேட வேண்டும்.

காரணம் நன்றாகத் தெரிந்த ஒரு கல்யாணம் உண்டு. எலிசபெத் பேரட் லண்டனில் விம்போல் தெருவில் தகப்பன் வீட்டில் இருந்த கவிஞர். பிள்ளைகள் யாருக்குமே கல்யாணம் கூடாது என்று இருந்தவர் அந்தத் தகப்பன். இன்னொரு கவிஞரான ராபர்ட் பிரௌனிங்கை மணக்க எலிசபெத் முடிவு செய்தபோது வயது 40. சம்மதம் கேட்கும் வயதெல்லாம் எப்போதோ தாண்டியாயிற்று. சட்டப்படி யாரும் தடுக்க முடியாது. ஆனாலும் பக்கத்திலிருந்த பேரிஷில் மூன்று ஞாயிறு பெயரை வாசித்தால் அன்று சாயங்காலமே சேதி வீட்டுக்கு வந்துவிடும். பிரௌனிங் லைசென்ஸ் வாங்கினார். 1846 செப்டம்பர் 12, சனிக்கிழமை காலை, செயின்ட் மேரிலபோன் தேவாலயத்தில், சாட்சிகளாக ஒரு பணிப்பெண்ணும் ஒரு உறவுக்காரரும் இருக்க, அரை மணி நேரத்தில் கல்யாணம் முடிந்தது. பத்தே முக்காலிலிருந்து பதினொன்றேகால் வரை என்று பிரௌனிங் ஒரு கடித உறையில் குறித்துவைத்தார். பக்கத்தில் 91 என்று ஒரு எண். இருவரும் சந்தித்த 91ஆம் முறை அது. கல்யாணம் முடிந்து பெண் தகப்பன் வீட்டுக்கே திரும்பிப் போனார். ஒரு வாரம் கழித்து இருவரும் இத்தாலிக்குப் புறப்பட்டார்கள். மௌனம் வேண்டியவர்களுக்கு லைசென்ஸ் எவ்வளவு பெரிய உதவி என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

ஸ்பெஷல் லைசென்ஸ் என்று நாவலில் வந்தால்

சாதாரண லைசென்ஸில் நேரத்துக்கும் இடத்துக்கும் கட்டுப்பாடு உண்டு. கல்யாணம் காலை 8 மணிக்கும் நண்பகல் 12 மணிக்கும் இடையே, லைசென்ஸில் சொன்ன தேவாலயத்தில் நடக்க வேண்டும். 1886இல்தான் பிற்பகல் 3 மணி வரை நீட்டினார்கள். வீட்டு வரவேற்பறையிலோ, இரவிலோ, சம்பந்தமில்லாத ஊரிலோ கல்யாணம் நடக்க வேண்டும் என்றால் ஸ்பெஷல் லைசென்ஸ் வேண்டும். அதைக் கேன்டர்பரி ஆர்ச்பிஷப் மட்டுமே கொடுக்க முடியும். 1533ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து வரும் அதிகாரம் அது. காரணம் அவருக்குத் திருப்தியாக இருக்க வேண்டும்.

அதன் செலவு சராசரியாக 29 பவுன் 5 ஷில்லிங் 6 பென்ஸ். முத்திரைக்கு மட்டுமே 5 பவுன். கெயர்டின் விவசாயக் கூலி சாப்பிடாமல் கொள்ளாமல் சுமார் 62 வாரம் உழைத்தால் வரும் தொகை. ஆகவே உங்கள் முன்னோர் தச்சராகவோ சிப்பாயாகவோ இருந்து, 'ஸ்பெஷல் லைசென்ஸில் கட்டினார்' என்று குடும்பத்தில் சொல்லிவந்தால், அது அநேகமாகச் சாதாரண லைசென்ஸாகத்தான் இருக்கும்.

ஐந்தாம் படி: பதிவாளர் வழி

1837க்கு முன்பு யூதர்களையும் குவேக்கர்களையும் தவிர எல்லாரும் ஆங்கிலிகன் தேவாலயத்தில்தான் மணமுடிக்க வேண்டும். கத்தோலிக்கரும் மெத்தடிஸ்டும் பாப்டிஸ்டும்கூட. 1836ஆம் ஆண்டுத் திருமணச் சட்டம் அதை மாற்றியது. கட்டணங்களைச் சட்டமே நிர்ணயித்ததால் இங்கே கணக்கு துல்லியமாக வரும்.

லைசென்ஸ் இல்லாத வழியை முதலில் பார்ப்போம். ஏழு நாளாவது அந்த மாவட்டத்தில் குடியிருந்துவிட்டு மேற்பார்வைப் பதிவாளரிடம் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அதைப் புத்தகத்தில் ஏற்ற 1 ஷில்லிங். 21 நாள் கழித்து, தடையில்லை என்று அவர் தரும் சான்றுக்கு 1 ஷில்லிங். கல்யாணத்தின்போது உடனிருந்து பதிவு செய்யும் பதிவாளருக்கு 5 ஷில்லிங். மொத்தம் 7 ஷில்லிங். இருவரும் வேறு வேறு மாவட்டம் என்றால் நோட்டீஸும் சான்றும் இரட்டிப்பாகி 9 ஷில்லிங். கூலிக்காரருக்கு 7 ஷில்லிங் என்பது நாலரை நாள் உழைப்பு.

லைசென்ஸ் வேண்டும் என்றால் 1856ஐக் கோடாக வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன் மேற்பார்வைப் பதிவாளரின் லைசென்ஸ் கட்டணம் 3 பவுன்; முத்திரைக்கு 10 ஷில்லிங் தனி; உடனிருக்கும் பதிவாளருக்கு 5க்குப் பதில் 10 ஷில்லிங்; நோட்டீஸும் சான்றும் 2 ஷில்லிங். ஆக 4 பவுன் 2 ஷில்லிங். அவ்வளவு கொடுத்தும் ஏழு நாள் காத்திருக்க வேண்டும். 1856ஆம் ஆண்டுச் சட்டம் லைசென்ஸ் கட்டணத்தை 1 பவுன் 10 ஷில்லிங்காகப் பாதியாக்கியது; இடையில் ஒரு முழு நாள் போனால் போதும் என்றது. மொத்தம் 2 பவுன் 12 ஷில்லிங்.

சரி, 7 ஷில்லிங்கில் பதிவு அலுவலகத்தில் முடித்திருக்கலாமே, ஏன் ஏழைகள் கூட்டமாக அங்கே போகவில்லை? இந்தக் கேள்விக்குப் பதில் 1836ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே ஒளிந்திருக்கிறது. தேவாலயத்தில் ஓலை வாசிப்பதற்கு ஈடாக, லைசென்ஸ் இல்லாத நோட்டீஸ்களை ஏழைகள் நிவாரணத்தைக் கவனிக்கும் கார்டியன்களின் வாராந்திரக் கூட்டத்தில் வாசிக்க வேண்டும் என்று வைத்துவிட்டார்கள். யாருக்கு ரொட்டி கொடுப்பது, யாரை வொர்க்ஹவுஸ் என்ற ஏழைகள் விடுதியில் சேர்ப்பது என்று பேசும் கூட்டம் அது. அங்கே, பிச்சைக்கு நிற்பவர்களின் பெயர்களுக்கு நடுவே மணப்பெண்ணின் பெயரையும் வாசிப்பார்கள். பதிவு அலுவலகமே சில ஊர்களில் வொர்க்ஹவுஸ் கட்டடத்துக்குள்தான் இருந்தது. 1856 வரை இந்த வாசிப்பு நீடித்தது. அதன்பின் நோட்டீஸை அலுவலகத்தில் ஒட்டினால் போதும் என்றாயிற்று. 1840களில் ஆங்கிலிகன் அல்லாத ஒரு ஜோடி அந்த 4 பவுன் 2 ஷில்லிங்கைக் கொடுத்திருந்தால், வசதி இருந்ததால் என்று மட்டும் நினைக்காதீர்கள். அந்த அவமானத்திலிருந்து தப்பிக்கவும் கொடுத்திருக்கலாம்.

சேப்பலில் கட்டியவர்களுக்கும் இதே கணக்குதான். சேப்பலுக்குத் தருவது தனி. பதிவாளர் அங்கே நேரில் வந்து உட்கார வேண்டும். கத்தோலிக்கத் தேவாலயத்திலும் அப்படியே. 1898ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் சபையே தன் ஆளை நியமித்துப் பதிவு செய்துகொள்ளும் வசதி வந்தது.

ஆறாம் படி: இரண்டு சர்டிஃபிகேட்டைக் குழப்பாதீர்கள்

மேலே பார்த்த 1 ஷில்லிங் சான்று கல்யாணத்துக்கு முன்பு தருவது. அனுமதிச் சீட்டு மாதிரி. கல்யாணத்துக்குப் பின் பதிவேட்டிலிருந்து எடுத்துத் தரும் நகல்தான் நாம் சொல்லும் திருமணச் சான்றிதழ். அதை வாங்கியே தீர வேண்டும் என்ற சட்டம் இல்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்குப் போகலாம். பல ஏழைகள் அப்படித்தான் போனார்கள்.

நகல் வேண்டும் என்றால் 2 ஷில்லிங் 6 பென்ஸ். 1891ஆம் ஆண்டு முத்திரைச் சட்டத்தில் இதன்மேல் 1 பென்னி முத்திரையும் உண்டு. ஆக 2 ஷில்லிங் 7 பென்ஸ், ஒன்றரை நாள் கூலிக்கும் மேல். பிற்காலத்தில் போய்க் கேட்டால் தேடும் கட்டணமும் சேரும். உள்ளூர்ப் பதிவேட்டில் ஓராண்டுக்குள் தேட 1 ஷில்லிங், கூடுதலான ஒவ்வோர் ஆண்டுக்கும் 6 பென்ஸ். மூன்றாண்டுப் பதிவைப் புரட்டி நகல் எடுத்தால் 4 ஷில்லிங் 6 பென்ஸ். லண்டன் சாமர்செட் ஹவுஸில் இருந்த தலைமைப் பதிவு அலுவலகத்தில் குறிப்பிட்ட ஒரு பதிவைத் தேட 1 ஷில்லிங். பொதுவாகப் புரட்டிப் பார்க்க 20 ஷில்லிங்.

இந்த நகலைப் பெண்கள் 'மேரேஜ் லைன்ஸ்' என்று சொல்லிப் பத்திரமாக வைத்துக்கொண்டார்கள். காகிதத்தை வைத்திருந்தது கணவனைவிட மனைவிதான். கணவன் இறந்தாலோ விட்டுவிட்டுப் போனாலோ நிவாரணம் கேட்டு நிற்கும்போது, கணவனின் பேரிஷ்தான் அவளுக்கும் பொறுப்பு. அதைக் காட்ட இந்தக் காகிதம் வேண்டும். இரண்டரை ஷில்லிங் அவளுக்குச் செலவு மாதிரி இல்லை, காப்பு மாதிரி.

ஏழாம் படி: இன்று அந்தக் காகிதத்தைத் தேடுவது

தலைமைப் பதிவு அலுவலகத்தின் அட்டவணை காலாண்டு வாரியாக இருக்கும். மார்ச், ஜூன், செப்டம்பர், டிசம்பர் என்று போட்டிருந்தால் அந்த மாதத்தோடு முடியும் மூன்று மாதம் என்று பொருள். ஃப்ரீபிஎம்டி இணையதளத்தில் இலவசமாகத் தேடலாம். பெயர், மாவட்டம், தொகுதி எண், பக்க எண் கிடைக்கும். ஒரே பக்கத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட ஜோடிகள் இருப்பார்கள். துணையின் குடும்பப் பெயரை அட்டவணையில் சேர்க்கத் தொடங்கியது 1912இல்தான். அதனால் மாப்பிள்ளை பெயரையும் பெண்ணின் பிறந்த வீட்டுப் பெயரையும் தனித்தனியாகத் தேடி, இரண்டு பேருக்கும் அதே தொகுதி, அதே பக்கம் வருகிறதா என்று பாருங்கள். பிறகு அந்த எண்களைக் கொடுத்து நகல் கேட்கலாம். 2024 ஏப்ரலில் கட்டணம் 12 பவுன் 50 பென்ஸ் ஆனது. அனுப்பும் முன் இன்றைய கட்டணத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அங்கிருந்து வரும் நகலில் ஒரு கண்ணி இருக்கிறது. பாதிரியார்கள் காலாண்டுக்கு ஒருமுறை பதிவுகளைப் பார்த்தெழுதி அனுப்பினார்கள். அதிலிருந்து எடுப்பதால், நீங்கள் பார்க்கும் 'கையெழுத்து' உங்கள் முன்னோருடையது இல்லை; பார்த்தெழுதியவருடையது. உண்மையான கையெழுத்தோ, எழுதத் தெரியாதவர் போட்ட பெருக்கல் குறியோ தேவாலயப் பதிவேட்டில்தான் இருக்கும். விக்டோரியா ஆட்சியின் தொடக்கத்தில் மாப்பிள்ளைகளில் மூன்றில் ஒருவரும் மணப்பெண்களில் ஏறக்குறையப் பாதிப் பேரும் குறிதான் போட்டார்கள். மூலப் பதிவேட்டின் படத்தைப் பார்க்க முடிந்தால் கட்டாயம் பாருங்கள். பேனாவை அழுத்திப் போட்ட அந்தக் குறி மனதை என்னவோ செய்யும்.

"பை லைசென்ஸ்" என்று இருந்தால் தேடல் அங்கே முடியவில்லை. லைசென்ஸ் காகிதம் மணமக்கள் கையில் கொடுத்து, பாதிரியாரிடம் சேர்ந்தது. அது மிஞ்சியிருப்பது அபூர்வம். ஆனால் மாப்பிள்ளை சத்தியம் செய்த அலிகேஷன் அலுவலகத்திலேயே தங்கிவிட்டது. ஃபேகல்டி ஆபீஸ், விகார் ஜெனரல் ஆபீஸ் இரண்டின் அலிகேஷன்களும் லாம்பெத் அரண்மனை நூலகத்தில் இருக்கின்றன. மற்ற மறைமாவட்டங்களுடையதை மாவட்ட ஆவணக்காப்பகங்களில் தேட வேண்டும். 'பாண்ட்' என்ற ஜாமீன் பத்திரத்தை மட்டும் தேடி அலையாதீர்கள். 1823ஆம் ஆண்டுச் சட்டத்தோடு அது போய்விட்டது.

மெட்ராஸில் நடந்த ஐரோப்பிய, ஆங்கிலோ இந்தியக் கல்யாணங்களைத் தேடுபவர்களுக்கு வழி வேறு. மாகாணத்துப் பாதிரியார்கள் அனுப்பிய பதிவுகளின் நகல் லண்டனுக்குப் போனது. இன்று அவை பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் 'என்/2' என்ற வரிசையில் இருக்கின்றன. இங்கே சொன்ன கட்டணங்களை அவற்றுக்குப் பொருத்திப் பார்க்காதீர்கள். 1872ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம் போன்ற தனிச் சட்டங்கள் இங்கே இருந்தன.

நண்பரின் காகிதத்துக்குத் திரும்புவோம்

1884, லண்டன், ஆங்கிலிகன் தேவாலயம், லைசென்ஸ். அவர் அந்த இரண்டு அலுவலகங்களில் ஒன்றில் வாங்கியிருந்தால் 2 பவுன் 2 ஷில்லிங் 6 பென்ஸ் கட்டியிருப்பார். அக்காலத்து லண்டன் ஃபிட்டருக்கு வாரக் கூலி 35 ஷில்லிங்கைச் சுற்றி வரும். ஒரு வாரச் சம்பளம் முழுவதும் போய், அதற்கு மேலும் கொடுக்க வேண்டியிருந்திருக்கும். ஓலை வாசித்திருந்தால் அதில் பெரும்பகுதி மிச்சம்.

ஏன் கொடுத்தார்? ஃபிட்டர்கள் கௌரவத்துக்காக லைசென்ஸ் வாங்கும் கூட்டம் இல்லை. நான் நண்பரிடம் கப்பல் தேதி ஏதாவது தெரியுமா என்று கேட்டேன். வேலை ஒப்பந்தக் காகிதத்தின் தேதி குடும்பத்தில் இருந்தது. கல்யாணத்துக்கு ஒன்பது நாள் முன்பு கையெழுத்தானது. மூன்று ஞாயிறு வாசிக்க அவரிடம் மூன்று ஞாயிறு இல்லை. அலிகேஷன் கிடைத்தால் இன்னும் உறுதியாகச் சொல்லலாம். லாம்பெத்துக்கு எழுதச் சொல்லியிருக்கிறேன்.

நண்பர் கொண்டுவந்தது இணையத்தில் எடுத்த நகல் இல்லை என்பதைப் பேச்சின் நடுவில்தான் கவனித்தேன். பழுப்பேறிய தாள். நான்காக மடித்த தடத்தில் நூல் நூலாகக் கிழிந்து, பின்பக்கம் துணி ஒட்டியிருந்தது. கல்யாணத்தன்றே 2 ஷில்லிங் 6 பென்ஸ் கொடுத்து வாங்கிய அசல் நகல். கொள்ளுப்பாட்டி அதைத் தன் பைபிளுக்குள் வைத்துக் கப்பலில் கொண்டுவந்ததாகவும், பெட்டியில் போடச் சம்மதிக்கவே இல்லை என்றும் நண்பர் சொன்னார்.